என்ன சொல்லுதாம்?

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் செய்துபார்த்த சோதனை இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களில் பலருக்கும் தெரிந்ததுதான். 13 கவிதைகளை, எழுதியவர் பெயரில்லாமல், மாணவர்களிடம் கொடுத்து, ஆற அமரப் படித்து அபிப்பிராயம் எழுதிவரச் சொன்னார். வந்த குறிப்புகளை வகைப்படுத்தி 1929ல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ புத்தகத்தை வெளியிட்டார். அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது, கவிஞனின் ஜாதகத்தை விட்டுவிட்டுக் கவிதையை அதன் சொற்களை வைத்தே பார்க்கும் பழக்கத்தை. அதிலும் பாதியைத்தான் எடுத்துக்கொண்டோம் என்பது வேறு கதை. எடுத்துக்கொள்ளாமலே விட்டது, கவிதை வாசிப்பில் நேரும் இடர்ப்பாடுகள் என்று அவர் பட்டியலிட்ட பத்தில் முதலாவதை. அது படிமம் பற்றியதல்ல, தொனி பற்றியதல்ல. வரிகள் நேரடியாக என்ன சொல்கின்றன என்பதே நிறையப் பேருக்குப் பிடிபடவில்லை என்பதுதான் அது. ஆங்கில இலக்கியம் படிக்கவென்று வந்த இளைஞர்கள், சொந்த மொழியில் எழுதிய சில வரிகளை வாசித்துவிட்டு, சொல்லாததைச் சொன்னதாகவும் சொன்னதைச் சொல்லாததாகவும் எழுதி வைத்தார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இது எனக்குத் திரும்பவும் முக்கியமாகப்பட்டது தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் நான்காம் வகுப்பில். அங்கே ஆசிரியராக இருக்கும் நண்பர் கூப்பிட்டு இரண்டு வருஷமாக வாரத்தில் ஒரு மத்தியானம் போய்வருகிறேன். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது, அவர்கள் வாசிக்கக் கேட்பது, இவ்வளவுதான் வேலை. சம்பளம் கிடையாது. ஆகவே மேலதிகாரியும் கிடையாது.

தர்மபுரி என்றதும் நம்மவர்கள் மனசில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. பின்தங்கிய மாவட்டம். 1965ல் சேலத்திலிருந்து பிரிந்து, 2004ல் கிருஷ்ணகிரியும் போக மிஞ்சிய மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியாக வந்தது: 68.5 சதவீதம், அப்போது மாநிலத்துக்கு 80. பெற்றோர் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். சில வீடுகளில் கன்னடம், சில வீடுகளில் தெலுங்கு. இதையெல்லாம் சொல்லிவிட்டால், இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராததற்குக் காரணம் சொல்லி முடிந்தது என்று நினைக்கிறோம். எனக்கு முதல் நாளே ஏற்பட்ட ஆச்சரியம், அவர்களுக்குப் படிக்க வந்தது என்பதுதான்.

23 பேரில் ஆறேழு பேர் எழுத்துக்கூட்டித் திணறினார்கள். மற்றவர்கள் படித்தார்கள், சரளமாக, உரத்த குரலில். அந்தப் படிப்புக்கென்று ஒரு ராகம் இருக்கிறது. வாக்கியத்தின் கடைசிக்கு முந்தின சொல்லில் குரல் ஏறி, கடைசிச் சொல்லில் இழுத்து இறங்கும். வாக்கியம் கேள்வியாக இருந்தாலும் சரி, யாரோ செத்துப்போனதைச் சொன்னாலும் சரி, ஏற்றமும் இறக்கமும் அதே இடத்தில்தான். ஒரு பெண் ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் முடித்தாள். ‘என்ன கதைம்மா இது?’ என்றேன். பேசாமல் நின்றாள். பிறகு, நான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்ற பரிவுடன், முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கினாள்.

ஆனால் பாடத்தின் அடியில் இருந்த கேள்விகளுக்கெல்லாம் இவர்கள் நோட்டில் சரியான பதில் எழுதியிருந்தார்கள். இது எப்படி முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த வாரம் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதிப் போட்டேன்.

‘மிலுக்கன் தன் மொச்சணியை நெவுரத்தில் தெவப்பினான்.’

மிலுக்கன் எதைத் தெவப்பினான்? மொச்சணியைத் தெவப்பினான். எங்கே தெவப்பினான்? நெவுரத்தில் தெவப்பினான். யார் தெவப்பினான்? கோரஸாக, மிலுக்கன். எல்லாம் சரி. நோட்டில் எழுதச் சொன்னால் முழு மதிப்பெண் போட வேண்டியிருக்கும். ஒரு பையன் மட்டும், அதுவும் மணி அடித்துப் பையை மாட்டிக்கொண்ட பிறகு, பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: ‘மொச்சணின்னா என்னா சார்?’

இதில் பிள்ளைகளின் சாமர்த்தியம் ஒரு பாதி. மறுபாதி தமிழின் சாமர்த்தியம். வேற்றுமை உருபு நம் மொழியில் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘எதை’ என்று கேட்டால் ஐயில் முடிகிற சொல்லைப் பிடித்தால் போதும். ‘எதில்’, ‘எங்கே’ என்றால் இல்லில் முடிவதை. ‘யாருக்கு’ என்றால் குவில் முடிவதை. கேள்வியே பதிலின் வாலைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மீதியை அப்படியே எடுத்து எழுதினால் பதில். அர்த்தம் என்ற ஒன்று நடுவே தலைகாட்ட வேண்டிய அவசியமே இல்லை. எந்தப் பிள்ளைக்கும் இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தானாகக் கண்டுபிடித்திருக்கிறது. இலக்கணத்தை இவ்வளவு நுட்பமாகக் கைவசப்படுத்திய பிள்ளையைத்தான் நாம் புரியாத பிள்ளை என்கிறோம்.

‘ஏன்?’ என்ற கேள்விக்கு மட்டும் இப்படி வால் கிடையாது. அதற்குப் பதில் பெரும்பாலும் இன்னொரு வாக்கியத்தில் இருக்கும். சில சமயம் எந்த வாக்கியத்திலும் இராது. மிலுக்கன் ஏன் தெவப்பினான் என்று கேட்டேன். வகுப்பு மௌனமாகிவிட்டது. பாடப்புத்தகக் கேள்விகளில் ‘ஏன்’ எவ்வளவு அபூர்வம் என்பதை அதன் பிறகுதான் கவனித்தேன். வந்தாலும், பாடத்திலேயே ‘ஏனெனில்’ என்றோ ‘ஆகையால்’ என்றோ ஒரு கொக்கி மாட்டித்தான் வருகிறது.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. அமெரிக்காவில் டோலரஸ் டர்கின் என்ற அம்மாள் பள்ளிக்கூடங்களில் உட்கார்ந்து, கையில் கடிகாரத்தோடு, வாசிப்பு வகுப்புகளில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்து 1978-79ல் எழுதினார். நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடவேளைகளில் 4,469 நிமிஷங்கள் பார்த்ததில், படித்ததைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஆசிரியர் கற்றுக்கொடுத்தது 20 நிமிஷம். மற்றபடி கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். புரிந்ததா என்று பரிசோதிப்பதையே புரியவைப்பதாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாடித்துடிப்பைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை வைத்தியம் என்று சொல்வது போல.

தமிழ்ப் பிள்ளைக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி நாம், தமிழில் எழுதுகிறவர்கள், வெளிப்படையாகப் பேசுவதே இல்லை. புத்தகத்தில் இருக்கிற தமிழ் அதன் வீட்டில் யாரும் பேசாத தமிழ். ‘மழை வந்தால் தவளைகள் கத்தும்’ என்று ஒரு வரி. இதைச் சொந்தமாகச் சொல் என்றதற்கு, எழுத்துக்கூட்டுகிற கூட்டத்தில் இருந்த ஒரு சிறுமி சொன்னாள்: ‘மழைன்னு ஒரு பொண்ணு வந்தா. அவளப் பாத்துத் தவளையெல்லாம் கத்துச்சு.’ வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களைக் கேட்டால், ‘மழை வந்தால் தவளைகள் கத்தும்’ என்பதையே திரும்பச் சொன்னார்கள், கொஞ்சம் வேகமாக.

அந்தச் சிறுமியின் காதில் ‘வந்தால்’, ‘வந்தாள்’ இரண்டும் ‘வந்தா’தான். எழுத்தில் லகர ளகரம் மட்டுமே வித்தியாசம். அவள் வீட்டில் அம்மா வந்துச்சு, பாட்டி போச்சு. வந்தாள் போனாள் என்பதெல்லாம் புத்தகத்துப் பெண்களின் நடமாட்டம். ஆகவே புத்தகத்தில் ‘வந்தா’ போன்ற ஒன்றைக் கண்டதும், யாரோ ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று முடிவுசெய்தாள். வந்தவள் பெயர் மழை. அவளைப் பார்த்துத் தவளை கத்தியது. தவறுதான், திருத்த வேண்டியதுதான். ஆனால் திருத்துவதற்கு அங்கே ஒன்று இருக்கிறது. சரியாகப் படித்த மற்றவர்களிடம் திருத்துவதற்கே எதுவும் இல்லை. அன்றைக்கு அந்த வகுப்பில் அந்த வாக்கியத்தை வாசித்தவள் அவள் ஒருத்திதான் என்பது என் தீர்மானம். (அவள் சொன்ன வரியைத் தங்களுடையதாக எழுதியிருக்கலாமே என்று ஏங்கக்கூடிய இரண்டு கவிஞர்களை எனக்குத் தெரியும்.)

முதல் நாள் தடங்கலில்லாமல் படித்தாள் என்றேனே, அந்தப் பெண் பள்ளி ஆண்டு விழாவில் வாசிப்புப் போட்டியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள். அப்பா அம்மா ஊரில் இல்லை. ஒரு மத்தியானம் அவளுடைய பாட்டி இரண்டு கடிதாசிகளோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஒன்று பழையது, மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தது. இன்னொன்று அன்றைக்கு வந்தது. திண்ணையில் உட்கார்ந்து, பேத்தியைக் கூப்பிட்டுப் புதிதைப் படிக்கச் சொன்னாள். பேத்தி அந்த ராகத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல், தேதி, கடன் எண், கிளை முகவரி எல்லாம் சேர்த்துப் படித்து முடித்தாள். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: ‘சரி கண்ணு, என்னா சொல்லுதாம்?’

பேத்தி மேலேயிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தாள்.

நான் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். அடகுக் கடன் விஷயம். பழைய கடிதாசி, குறிப்பிட்ட தேதிக்குள் வட்டியையும் அசலையும் ‘செலுத்தத் தவறும் பட்சத்தில் மேற்படி ஆபரணங்கள் பகிரங்க ஏலத்தில் விற்பனை செய்யப்படும் என இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது’ என்றது. புதியது, அவ்வாறு செய்யப்பட்டுவிட்டது என்றது. தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் பழையதையும் பேத்திதான் படித்துக் காட்டியிருக்கிறாள், தேதி உள்பட. பாட்டி அப்போதும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். பதில் வராததால் தகரப் பெட்டியில் வைத்துவிட்டாள். மகன் பொங்கலுக்கு வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று.

விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. ‘எந்தக் கம்மலு வாத்தியாரே, கல்லு வெச்சதா, வெறுங்கம்மலா?’ என்று கேட்டாள். இரண்டு ஜோடியை இரண்டு தடவையாக வைத்திருக்கிறாள். நோட்டீஸில் கிராம் மட்டும்தான் இருந்தது.

அந்த நோட்டீஸை எழுதியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘பணம் கட்டாவிட்டால் உங்கள் கம்மலை இந்தத் தேதியில் ஏலம் விடுவோம்’ என்று சொல்ல ஒரு வரி போதும். அதில் ‘நாங்கள்’ வந்துவிடும், ‘நீங்கள்’ வந்துவிடும். செய்கிறவன் தெரியாத வாக்கியம் வேண்டும் என்பதற்காகத்தான் ‘படும்’, ‘படுகிறது’. நானே இரண்டு தடவை படித்துத்தான் பிடித்தேன். ஒன்பது வயசுப் பெண்ணுக்கு இது புரிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதில் ஏதோ ஒன்று சொல்லப்படுகிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும், எனக்குப் பிடிபடவில்லை என்றால் யாரையாவது கேட்க வேண்டும் என்ற எண்ணமாவது அவளுக்கு வந்திருக்கலாம். வாசித்தாகிவிட்டது என்ற திருப்தி அதைத் தடுத்துவிட்டது. டிபன் பாக்ஸும் கொஞ்சம் தடுத்திருக்கும்.

அதே பாட்டிதான் வேறொரு நாள் ஊர் எல்லையில் உள்ள வேடியப்பனைப் பற்றிச் சொன்னாள். இந்தப் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுவதில் பல, பழைய நடுகற்கள். வில்லும் வாளுமாக ஒருவன் நிற்பான். சிலவற்றில் மேலே வட்டெழுத்தில் சில வரிகள் இருக்கும். 1970களில் தமிழ்நாடு தொல்பொருள் துறையினர் தர்மபுரி, செங்கம் பக்கம் ஊர் ஊராக அலைந்து இந்த எழுத்துகளைப் படியெடுத்தார்கள். பல கற்களில் உள்ள விஷயம் ஒன்றேதான்: மாடு பிடித்துப்போக வந்தவர்களோடு சண்டையிட்டு, மாட்டை மீட்டுச் செத்தவன் இவன். பாட்டிக்கு வட்டெழுத்தும் தெரியாது, இன்றைய எழுத்தும் தெரியாது. எண்ணெய் தடவித் தடவிக் கல்லில் எழுத்து இருப்பதே தெரியவில்லை. அவள் சொன்னாள்: ‘மாட்ட ஓட்டிக்கினு போவ வந்தானுங்க, இவன் வுடல, அங்கயே வுழுந்துட்டான்.’ ஆயிரம் வருஷமாக எழுத்தைத் தொடாமலே விஷயம் கைமாறி வந்திருக்கிறது. அவள் பேத்தியிடம் எழுத்து மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

பார்ட்லெட் என்ற கேம்பிரிட்ஜ் மனோதத்துவக்காரர், வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஆவிகளின் யுத்தம் பற்றிய கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொல்லிப் பார்த்தார். 1932ல் வந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது. கதையில் ஓடத்தில் வந்தவர்கள், திரும்பச் சொன்னபோது படகில் வந்தார்கள். கடல்நாய் வேட்டைக்குப் போனவர்கள் மீன்பிடிக்கப் போனார்கள். புரியாத ஆவி சமாசாரங்கள் மெல்லக் கழன்றுகொண்டன. இதை ஞாபகத்தின் கோளாறு என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு, புரிதல் நடக்கிற விதமே இதுதான் என்று தோன்றுகிறது. வாசிக்கிறவன் தன்னிடம் உள்ளதைக் கொண்டு கதையைத் திரும்பக் கட்டுகிறான். கட்டும்போது மாறுகிறது. மாறாமல் அப்படியே திரும்பி வந்தால் அது உள்ளே போகவே இல்லை என்று அர்த்தம்.

நம் பள்ளிக்கூட மரபு இந்த மாறாமையைத்தான் பூஜித்து வந்திருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடியும் நிகண்டும் மனப்பாடம். அர்த்தம் பின்னால் வரும், வராமலும் போகலாம். (ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர்தான் இந்தத் தர்மபுரி. அந்த ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறு என்பார்கள். பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரு பாட்டிதான்.) செத்த புலிக்குள் வைக்கோலை அடைத்து உயிருள்ளது போல நிறுத்துவதற்கும் தமிழில் பாடம் செய்தல் என்றுதான் பெயர்.

திட்டங்கள் வராமல் இல்லை. ரிஷிவேலியில் பிறந்த முறையை ஒட்டி 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007ல் மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், சுவரில் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது, ஏணியில் படிப்படியாக அட்டைகள். அந்தத் தாழ்ந்த கரும்பலகைக்காகவே அதை மதிக்கிறேன். ஆனால் அட்டையை முடித்துவிட்டு அடுத்த அட்டைக்கு ஓடுவதே படிப்பாகிவிட்ட வகுப்புகளும் உண்டு. 2005லிருந்து பிரதம் அமைப்பு நடத்திவரும் அசர் கணக்கெடுப்பு, எழுத்து, சொல், பத்தி, கதை என்று பிள்ளைகளை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. ஐந்தாம் வகுப்பில் இருக்கிறவர்களில் பெரும் பகுதிக்கு இரண்டாம் வகுப்புக் கதை வாசிக்க வரவில்லை என்பதை அது திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்ல ஓர் ஆள் தேவைதான். கோவிட் அடைப்புக்குப் பிறகு, 2022 ஜூனில், ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. 2025க்குள் எட்டு வயசுக்குட்பட்ட எல்லோரும் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பது இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தார்கள். 2023ல் ‘வாசிப்பு இயக்கம்’ என்று மெலிந்த சிறு கதைப்புத்தகங்கள் வந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. அரசாங்கம் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிள்ளை கையில் எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய புத்தகம், முடித்த பெருமையோடு இன்னொருவனுக்குச் சொல்லக்கூடிய கதை. எங்கள் வகுப்பில் அவை கிழிந்திருக்கின்றன. கிழியாத புத்தகம் பீரோவில் இருக்கிற புத்தகம்.

எழுத்தே தெரியாதவனுக்கு அர்த்தம் எங்கே என்று இதைப் படித்துவிட்டு யாராவது கேட்பார்கள். உண்மை. திணறுகிற அந்த ஆறேழு பேருக்கு எழுத்துதான் முதல். அதில் விவாதமில்லை. எழுத்து வந்துவிட்டால் அர்த்தம் தானாக வந்துவிடும் என்பதோடுதான் எனக்குச் சண்டை.

நாங்கள் அங்கே செய்துபார்ப்பது பெரிய முறை ஒன்றுமில்லை. பாட்டி கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டோம். ஒரு பத்தி வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவன் கேட்பான்: ‘என்ன சொல்லுதாம்?’ வீட்டில் பேசுகிற பேச்சில் சொல்ல வேண்டும். புத்தகத்துத் தமிழில் சொன்னால் செல்லாது. கன்னட வீட்டுப் பிள்ளை கன்னடத்தில் சொல்லலாம். இன்னொரு கன்னட வீட்டுப் பிள்ளை அதைத் தமிழில் சொல்வான். அதன் பிறகு கேட்டவன், சொன்னவனிடம் ‘ஏன்’ வைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். முதல் மாதம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ‘வந்துச்சு’ என்று வகுப்பறைக்குள் சொல்லலாமா என்பதே அவர்களுக்குச் சந்தேகம். ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னான்.

பட்டுப்புழுவைப் பற்றிய ஒரு சிறு பத்தி வந்தபோது கட்டு உடைந்தது. தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. சுற்றுப்புறத்தில் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கிற வீடுகள் உண்டு. அப்படி ஒரு வீட்டுப் பையன், எழுத்துக்கூட்டுகிறவர்களில் ஒருவன், பத்தியில் புழு எப்போதும் இலை தின்றுகொண்டே இருக்கும் என்று இருந்ததை ஒத்துக்கொள்ளவில்லை. ‘இது பொய் சொல்லுது சார்’ என்றான். புழு நாலு தடவை தோல் உரிக்கும், உரிக்கிறபோது தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிடக்கும், தின்னாது, அப்போது இலை போட்டால் வீண். நாலாவது தடவை முடிந்த பிறகுதான் மழை பெய்கிற சத்தத்தில் தின்னும். பிறகு சந்திரிகையில் எடுத்துவிட வேண்டும். பத்து நிமிஷம் பேசினான். அன்றைக்கு அவன்தான் அந்தப் பத்தியை மற்ற எல்லோரையும் விட நன்றாக வாசித்தவன். அச்சில் இருப்பது பொய் சொல்லவும் கூடும் என்பது வகுப்புக்குப் புதுச் செய்தி. அதைக் கேட்டு என் நண்பர் கொஞ்சம் கலவரப்பட்டார்.

நண்பரின் ஆட்சேபணைகள் நியாயமானவை. ஒரு பத்திக்கு 40 நிமிஷம் போகிறது. பாடம் முடிக்க வேண்டும். பேச்சுத் தமிழ் பழகினால் எழுதும்போது அதுவே வரும். பார்வைக்கு வருகிறவர் நோட்டைப் பார்ப்பார். நோட்டில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? இதற்கெல்லாம் என்னிடம் முழுப் பதில் இல்லை. பேச்சு எழுத்தைக் கெடுக்கும் என்பதை மட்டும் நான் நம்பவில்லை. இரண்டு கரையும் தெரிந்தவன்தான் பரிசல் விட முடியும். இந்தப் பிள்ளைகளை நாம் எழுத்தின் கரையில் இறக்கிவிட்டு, வந்த கரையை மறந்துவிடு என்கிறோம்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். 1959ல் ‘எழுத்து’ தொடங்கிய நாளிலிருந்து நம் பத்திரிகைகளின் மேல் சுமத்தப்படும் குற்றம் ஒன்றே: புரியவில்லை. நாமும் அறுபது வருஷத்துக்கு மேலாக ஒரே பதிலைச் சொல்லி வருகிறோம்: வாசகன் சோம்பேறி. அவன் சோம்பேறி அல்ல என்று இப்போது நினைக்கிறேன். அவன் மிகுந்த உழைப்போடு ஒன்றைப் பழகி வந்திருக்கிறான். ஐக்கு ஐ, இல்லுக்கு இல் தேடி எடுக்கப் பழகியிருக்கிறான். கவிதையிடம் போய் அது சொல்ல வந்த கருத்து என்ன என்று கேட்டு, அதே வால் உள்ள ஒரு சொல்லைத் தேடுகிறான். கிடைக்காதபோது ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறான். நம் விமர்சகர்கள் சிலரும் இந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள்தான். கவிதையில் உள்ள சொற்களையே இடம் மாற்றிப் போட்டு இரண்டு பக்கம் எழுதுகிறவரை உட்காரவைத்து, ‘சரி கண்ணு, என்னா சொல்லுதாம்?’ என்று கேட்க அந்தப் பாட்டியைக் கூட்டிவரலாமா என்று எனக்கு ஒரு ஆசை உண்டு.

இந்த வருஷம் பாடப்புத்தகத்தோடு, வீட்டில் கிடக்கிற அச்சடித்த காகிதங்களையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். ரேஷன் கடை அறிவிப்பு, விதைப் பொட்டலம், மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையில் யாருக்குக் கல்யாணம் என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது; பெரியவர்கள் பெயர் அவ்வளவு. போன வாரம் ஒரு பையன் தக்காளிக்கு அடிக்கிற மருந்தின் காலி டப்பாவைக் கொண்டுவந்துவிட்டான். வாங்கி, கை கழுவச் சொல்லி, அதில் இருந்த வரிகளைக் கரும்பலகையில் எழுதினோம். ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று ஒரு வரி. என்ன சொல்லுதாம்?

அந்தப் பையன் வீட்டில் தாத்தாவும் பாட்டியும் அவனும் தங்கையும்தான். படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: ‘எங்களுக்கு எட்டாத எடத்துல வையின்னு எங்ககிட்டயே சொல்லுது சார்.’

‘அப்ப யார் வைக்கிறது?’ என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான்.

இந்த வாரம் போனபோது விசாரித்தேன். மருந்து டப்பாக்கள் இப்போது பரண் மேல் இருக்கின்றனவாம். உரல் மேல் ஏறி நின்று வைத்தவன் அவன்தான்.